ஒரே வெள்ளிக்கிழமையில் எடுத்த வீடியோக்கள்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் பிளற்றுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் பிசியோ நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். அங்கே இருந்த பிசியோ மிஸ் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருபவர். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. முதல்நாளே இவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டு கேட்டார்.

"அங்கிள், இந்தக் கை சரிவந்தா முதல் என்ன செய்ய ஆசை?"

சாப்பாடு என்று சொல்லுவார் என நினைத்தேன். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இழுத்து இழுத்துச் சொன்னார்.

"திருநீறு... பூச வேணும்."

மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப நாங்க நெத்திக்குத்தான் போகணும்" என்று பைலில் எழுதிக்கொண்டார். நான் முழங்கையைத் தாங்க, இவர் கையை மேசையில் இருந்து நெஞ்சுக்கும், நெஞ்சில் இருந்து வாய்க்கும், வாயில் இருந்து நெற்றிக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம், தரத்துக்குப் பத்து.

இரண்டு கிழமை ஒழுங்காகப் போனோம். அதற்குள் எங்கள் பிளற்றின் லிஃப்ட் பழுதாகிவிட்டது. மூன்றாம் மாடியில் இருந்து இவரை இறக்குவதென்றால் இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி, வீட்டிலயே செய்ங்க. ஆனா ஒரு நாளும் விடாதீங்க. முதல் மாசங்கள்தான் முக்கியம், விட்டா தோள் இறுகிப் போகும். தினமும் ஒரு வீடியோ எடுத்து வட்ஸ்அப்ல போடுங்க. ஒரு மாசத்தால எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

சில நாட்கள் செய்தோம். பிறகு தோளில் நோ கூடிவிட்டது. இவர் புறக்கோட்டையில் இரும்புக் கடையில் முப்பது வருடம் சாமான் தூக்கிய மனிதர். தாயின் செத்தவீட்டில்கூட அழுது நான் காணவில்லை. அவர் கை வாயைத் தாண்டியதும் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். "விடும்... விடும்" என்பார். நான் விட்டுவிடுவேன். எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு, எல்லாம் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குத் தோய்ந்து சாமி கும்பிட்டபின் இவர் நல்ல மனத்தோடு இருந்தார். போனை மா போடும் ரின்னில் சாத்தி வைத்து எடுத்தேன். கை நெற்றிவரை போனது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக்கு அழப்போகிறார், இன்றைக்கே நாளைய வீடியோவையும் எடுத்தால் என்ன? நீலச் சேட்டைக் கழற்றி, கோடு போட்டதை மாட்டினேன். பிறகு வெள்ளை. பிறகு இன்னொன்று.

"நீர் என்ன, கலியாண வீடியோவோ எடுக்கிறீர்?" என்றார் இவர்.

"பேசாமல் கையைத் தூக்குங்கோ மாப்பிள்ளை."

நோய் வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அன்றைக்குத்தான். அன்று ஏழு சேட் மாற்றினோம். ஒவ்வொரு நாளும் ஒன்றாக அனுப்பினேன். மற்ற நாட்களில் கையைத் தொடவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளி கை வாயோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து பழையவற்றையே திரும்ப அனுப்பினேன். "சூப்பர் அங்கிள், நல்லா வருது" என்று மிஸ் குரலில் பதில் போட்டிருந்தார். அதை இவருக்குப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதம் முடிய லிஃப்டும் திருத்தப்பட்டது. போனோம். மிஸ் இவருடைய கையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சுக்கு மேலே வரவில்லை. கோணம் அளக்கும் பிளாஸ்டிக் கருவியைத் தோளில் வைத்து இரண்டு தரம் அளந்தார். பிறகு தன் போனை எடுத்து, நான் அனுப்பிய வீடியோ ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"முந்தாநாள் வரைக்கும் நெத்திக்குப் போயிருக்கே ஆன்ட்டி. நான் ஏதும் பிழையா சொல்லிக் குடுத்திட்டேனா தெரியல. இல்லாட்டி ரெண்டாவது தரம் பாரிசவாதம் வந்திருக்கோ. டொக்டருக்கு லெட்டர் தாறேன், திரும்ப ஸ்கான் எடுக்கணும்."

பேனையைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டார். கடவுளுக்குத் தெரிந்ததை இந்தப் பிள்ளையிடம் மறைத்து என்ன?

"எழுதாதேங்கோ மிஸ். அந்த வீடியோக்கள் கிழமைக்கு ஒரே நாளிலை எடுத்தது. சேட்டைத்தான் மாத்தினனான். இவர் நோவிலை அழுதவர், எனக்கு ஏலாமல் போச்சு."

மிஸ் பேனையை மூடி வைத்தார். அப்போது இவர் வாயைத் திறந்தார். நோய் வந்த பிறகு அவ்வளவு நீளமாக அவர் கதைத்ததில்லை.

"அவவிலை... பிழை இல்லை. நான்தான்... சேட்டை மாத்தச் சொன்னனான்."

அது பொய். அவர் சொல்லவே இல்லை.

மிஸ் கடிதத்தை மடித்து ஒரு பக்கம் வைத்தார். "நோகுதுன்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தா, நான் வேற மாதிரி செய்யச் சொல்லியிருப்பேன். நோகாம செய்ற வழியும் இருக்கு ஆன்ட்டி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு சுடுதண்ணீர்ப் பையை இவருடைய தோளில் வைத்துவிட்டு, வேறு பக்கமாகச் சரிந்து படுக்கவைத்து, கையை மெல்ல மெல்ல முன்னுக்கு வழுக்கிப் போகச் செய்தார். இவர் அழவில்லை. அவ்வளவு சின்ன விஷயம்.

இன்று வருடம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் போகிறோம், வீட்டிலும் தினமும் செய்கிறோம். கை வாய்வரைதான் வருகிறது. அதற்கு மேலே தோள் விடாது என்று மிஸ் சொல்லிவிட்டார். இடக்கையால் திருநீறு பூச இவர் சம்மதிக்கவில்லை. காலையில் தலையைக் குனிந்து தருவார், நான் பூசிவிடுவேன்.

பிள்ளையாரிடம் இப்போது கையைக் கேட்பதில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை. அந்த மாதத்தைப் பற்றி இவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் நல்லது என்று சில காலைகளில் நினைப்பேன். இவரோ கண்ணை மூடிக்கொண்டு, "இவ்வளவும் காணும், நல்லாய்ப் பூசிவிட்டீர்" என்பார்.