தேயிலைக்குள் இறங்கிய பந்து

என் வகுப்பறை மூலையில் ஒரு பழைய காற்பந்து கிடக்கிறது. தேயிலைக் கிளைகள் கீறிக் கீறி அதன் தோல் நார் நாராகிவிட்டது. அது அப்பாவின் பந்து. இதே தோட்டப் பள்ளியில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தார். அதற்கு முன்னால் தோட்டக் குழுவின் ஆட்டக்காரர்.

எங்கள் திடலின் ஒரு பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நேரே சரிவு. ஓங்கி உதைத்தால் பந்து தேயிலைக்குள் உருண்டு போய்விடும். அடித்தவனே இறங்கித் தேட வேண்டும், ஆட்டம் அதோடு சரி. அதனால் இங்கே எல்லாரும் கோலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, பந்தை மெல்லத் தள்ளித்தான் கோல் போடுவார்கள்.

அப்பாவின் இருபதாவது வயதில், மலைக்குக் கீழே டவுனில் ஒரு குழு அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தேர்வானால் அங்கேயே ஓர் ஆபீஸ் வேலை. லயனை விட்டு வெளியேற அவருக்கிருந்த ஒரே வழி அதுதான். சமமான புல்தரையில் மூன்று பேரைத் தாண்டிப் போனாராம். எதிரே கோல்கீப்பர் மட்டும். கால் தானாகத் தயங்கியது. மெல்லத் தள்ளினார், கோல்கீப்பர் குனிந்து எடுத்துக்கொண்டார். இரண்டாவது முறையும் அப்படியே. அவரை எடுக்கவில்லை. "பின்னால பள்ளம் இல்லன்னு எனக்குத் தெரியும்லா. காலுக்குத் தெரியலயே" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

வாத்தியாரானதும் பிள்ளைகளை ஓங்கி அடிக்க வைத்தார். "அடிங்க, பந்த நான் எடுத்துட்டு வரேன்" என்பார். ஒவ்வொரு முறையும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே இறங்குவார். செடி உடைகிறது என்று தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்து சத்தம் போட்டும் கேட்கவில்லை. அவரிடம் படித்தவர்களில் பலர் இன்று மலையில் இல்லை. நான் இருக்கிறேன், அவருடைய மகள், அவர் நின்ற அதே வகுப்பில். வெளியூர் மாற்றலுக்கு எழுதிய மனு மூன்று வருடமாக மேசைக்குள் கிடக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பள்ளிப் பந்தில் காற்றுப் போய்விட்டதால் நேற்று அப்பாவின் பந்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சிறுமி உதைத்த உதையில் அது கம்பத்தைத் தாண்டிச் சரிவில் போனது. பயந்து என்னைப் பார்த்தாள். "பரவால்லலா, டீச்சர் எடுத்துட்டு வரேன்" என்று இறங்கினேன். செடிகளுக்கு நடுவே அப்பா நடந்து நடந்து விழுந்த தடம் இன்னும் இருக்கிறது. கீழே டவுனுக்குப் போகும் காய்கறி லோரி ஒன்று வளைவில் திரும்பியது. தடம் அந்த ரோடு வரை போகவில்லை. பந்து வழக்கமாக முட்டி நிற்கும் பாறையோடு முடிந்துவிடுகிறது. பந்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, பழைய மூலையிலேயே வைத்தேன்.