செவ்வாய்க்கிழமை காதுவலி

அப்போது எங்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் நூல் சுற்றித் தரவேண்டும். கக்கூசுக்குப் போனாலும் பிள்ளைகள் கதவைத் தட்டி, "அம்மா, உள்ள இன்னா பண்றே?" என்பார்கள்.

ஒருநாள் கடைக்குட்டிக்கு ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை மடியில் தூங்கிவிட, பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு சுகமான இடம் ஊரில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் காதுவலி வந்தது. வந்ததாகச் சொன்னேன். "போய்க் காட்டிக்கினு வா, நான் பசங்களப் பாத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். அதன்பின் எல்லாச் செவ்வாயும் வலித்தது.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா கேட்டார்: "எந்தக் காதும்மா?"

"இடது."

சீட்டைப் பார்த்தார். "போன வாரம் வலதுன்னு இருக்குது. வீட்டுல எத்தினி பசங்க?"

"நாலு."

அவர் காதைப் பார்க்கவே இல்லை. "பெஞ்சு நோயாளிங்களுக்கு வேணும். வேப்பமரத்தடில போய் உக்காந்துக்க" என்றார்.

அங்கே போனால், சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பினேன்.

"முதுகுவலி" என்றார், கண்ணைத் திறக்காமலே. பிறகு திறந்தார்.

"பசங்க?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட உட்டுட்டு வந்தேன். நீ கெளம்பினா நானும் கெளம்பிடுவேன்."

இருவரும் வேகவேகமாக வெளியே வந்தோம். வாசலில் அந்த அக்கா தாடையைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். பின்னால் எங்கள் நான்கு, அவருடைய மூன்று.

"பல்வலி" என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கை தானாகத் தாடையிலிருந்து இறங்கியது.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட யாருக்கும் வாய் இல்லை. நடந்து வரும்போதே பேசி முடித்தோம்: செவ்வாய் ஒரு மணி நேரம் எனக்கு, வியாழன் வீட்டுக்காரருக்கு, சனி அக்காவுக்கு. அக்கா வீட்டுப் பின்னறையில் ஒரு பாய், உள்ளே தாழ்ப்பாள். ஏழு பிள்ளைகளையும் மற்ற இருவர் மேய்க்க வேண்டும்.

முதல் செவ்வாயன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மணி நேரமும் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நன்றாக இருந்தது.