கருகிய தோசைக்கு ஒரு நற்சான்று

போன மாதம் பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் பேரன் என்னை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பல் பிடுங்கப் போகிறவனுக்கு முதலில் வயிறு நிரம்ப வேண்டும் என்பது அவனுடைய கொள்கை. கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் பிளாஸ்டிக் ரோசாப்பூவுமாக இருந்த ஒரு கடையில் உட்கார வைத்துத் தோசை எடுத்துத் தந்தான். தின்றோம். பில் வந்தது. அத்தோடு விட்டார்களா? கறுப்புச் சட்டை போட்ட பிள்ளை ஒருத்தி வந்து, "ஐயா, சாப்பாடு எப்பிடியெண்டு ஒருக்காப் போட்டுவிடுங்கோ" என்று மேசையில் ஒட்டியிருந்த கறுப்புவெள்ளைப் புள்ளிக் கட்டம் ஒன்றைக் காட்டினாள். பேரன் போனை அதற்கு நேரே பிடித்தான். ஐந்து வெறும் நட்சத்திரங்கள் வந்து வரிசையாக நின்றன.

"அப்பப்பா, எத்தினை போட?" என்று என்னைக் கேட்டான்.

 தோசையில் ஒரு குறையும் இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, மாவு கல்லில் ஒட்டிக் கருகும் மணம் ஒன்று வந்தது. யாரோ அடுத்த மேசைக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் போலும். அவ்வளவுதான். நான் அந்தக் கடையில் இல்லை.

ஐம்பதுகளின் பின்பாதியில் இதே வவுனியாவில் நான் கல்லூரி வாத்தியார். பக்கத்து அறையில் கணக்குப் படிப்பித்த பொன்னம்பலம் மாஸ்டர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், கல்யாணமாகாதவர்கள், தண்ணீர் கொதிக்க வைத்தாலே அடிப்பிடிக்க வைக்கக்கூடியவர்கள். அதனால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. சமைக்கத் தெரியாதவனுக்குத்தான் சமையலைப் பற்றி நிறைய அபிப்பிராயம் இருக்கும். எங்களுக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது.

ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு சோற்றுக் கடை இருந்தது. அங்கே சோற்றின் பதத்தை ரயில்தான் தீர்மானிக்கும். யாழ்ப்பாண ரயில் நேரத்துக்கு வந்துவிட்டால் சோறு அரிசியாக இருக்கும். பிந்தி வந்தால் கஞ்சியாகிவிடும். ரயில் எவ்வளவு பிந்தினால் சோறு சோறாக இருக்கும் என்று பொன்னம்பலம் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். பஸ் நிலையத்துப் பக்கம் முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் நானா ஒருவரின் ரொட்டிக் கடை. மரைமான் இறைச்சிக் கறி கிடைக்கிற நாளில் அந்தத் தெரு முழுக்க மிளகு மணக்கும். நான் சைவம் என்று சொல்லித்தான் கல்லூரிக்கு வந்திருந்தேன். நானா அதை மதித்து, எனக்கு மட்டும் அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுத் தருவார். கறுவாப்பட்டை தூவிய பணிஸ் போடும் பேக்கரி ஒன்றும் இருந்தது. பின்னேரத்தில் அதன் மணம் வகுப்பறைக்குள் வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒருவருக்கும் கேத்திரகணிதம் ஏறாது.

ஆனால் எங்கள் கடை என்று நாங்கள் சொன்னது கல்லூரி வீதி முடக்கிலிருந்த தோசைக் கடையைத்தான். முதலாளி சங்கானைப் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு மாறாதவர். பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு விலாஸ் என்று போட்டிருந்தது. அதை ஒருவரும் வாசித்ததில்லை. எல்லோருக்கும் அது நாயர் கடை. உள்ளே தோசைக் கல்லடியில் நின்ற கோவிந்தன் நாயரால் வந்த பெயர்.

நாயர் மீசை அரும்பிய வயதில் மாமன் ஒருவரோடு கப்பலேறி வந்தவர். மாமன் காய்ச்சலில் போய்விட, இவர் கல்லடியிலேயே நின்றுவிட்டார். ஊருக்குக் காசு அனுப்பவென்று ஒரு தாய் இருந்தாள்; அவளும் காலமான பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. "ஊரில என்ன அறியுற நாய்கூட இல்ல மாஷே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவருடைய தோசையைப் பற்றி ஒரு பெரிய வழக்கே இருந்தது. எங்கள் ஊர்த் தோசை மஞ்சளும் வெந்தயமும் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டி, மெத்தென்று இருக்கும். நாயர் வந்த புதிதில் வெள்ளையாக, மெல்லிசாக, முறுகலாகச் சுட்டாராம். "இது தோசையோ, அப்பளமோ?" என்று சனம் கேட்டதாம். மனுசன் கோபிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தார். நாங்கள் போன காலத்தில் அது மஞ்சள் நிறத்தில், தாளிதத்தோடு, ஓரம் மட்டும் முறுகி, தேங்காயெண்ணெய் மணத்தோடு இருக்கும். அது எங்கள் ஊர்த் தோசையுமில்லை, அவருடைய ஊர்த் தோசையுமில்லை. வவுனியாத் தோசை. அதை நான் பிறகு எங்கேயும் தின்னவில்லை.

பொன்னம்பலம் அதற்கு மார்க் போடுவார். கை கழுவிவிட்டு வரும்போது நாயர் கல்லிலிருந்து தலையை நிமிர்த்தி, "இந்நு எத்ர மார்க் மாஷே?" என்று கேட்பார். "எழுபத்தொண்டு. சம்பலில உப்பு ஒரு சொட்டுக் குறைவு." "நாளைக்கு எழுபத்தி ரெண்டு தரணும், கேட்டோ?" இப்படியே போகும். நூற்றுக்கு நூறு போட்டால் ஆள் கெட்டுப்போவான் என்பது பொன்னம்பலத்தின் கட்சி. கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

நாயரின் கையாளாக இருந்தவர் செல்லையா. வாலிபன் இல்லை, முப்பது தாண்டிய, பிள்ளைகுட்டிக்காரர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, முள்ளியவளைப் பக்கமிருந்து வந்தவர். குளம் வற்றிய வருஷம் வயல் கைவிட்டுவிட, மாவாட்டக் கடைக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். நாயர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் நாயருக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு கிழமை முழுக்கத் தனியாகவே கடையை ஓட்டினார். எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்போது அதை ஒரு சந்தோஷமான செய்தியாகத்தான் நினைத்தோம்.

பிறகு விசாக் கதை வந்தது. இந்தியாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியை இனி நீடிப்பதில்லை, அந்த வேலைக்கு இந்த நாட்டில் ஆள் இல்லையென்று காட்டினால்தான் பார்க்கலாம் என்றார்கள். முதலாளி அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்குமாக அலைந்தார். "நாயர் இல்லாட்டி என்ர கடை இல்லை" என்று போன இடமெல்லாம் சொன்னார். கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர் நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது. கையாளைத் தனியாகச் சமைக்கவிட்டு அவர் தின்று பார்ப்பாராம். சரியில்லை என்று கண்டால் நாயர் இருக்கலாம்.

பொன்னம்பலம் வாங்குப் பலகையில் தட்டி எழும்பினார். "அப்ப விஷயம் முடிஞ்சுது. செல்லையா, நீர் அண்டைக்குக் கெடுத்துச் சுடும்."

செல்லையா மாவுக்கையோடு நின்றார். நாயர் போனால் அந்த இடம் செல்லையாவுக்குத்தான் என்று முதலாளி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தது எங்களுக்கும் தெரியும். வீட்டில் அவருக்கு எத்தனை வாய் என்பதும் தெரியும். அவர் கையைத் துண்டில் துடைத்தார்.

"ஓம் மாஸ்டர், கெடுக்கிறன். அவற்ர இடம் எனக்கு வேண்டாம். ஆனா அவருக்குச் சொல்லாதேங்கோ. கேட்டா விடமாட்டார்."

உத்தியோகத்தர் வரும் காலையில் எனக்குக் கொடுத்த வேலை அடுத்த மேசையில் இருந்து முகம் சுளிப்பது. கல்லூரி நாடகத்தில் மரமாக நிற்கக்கூடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட ஆள் நான். நாயரைக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டார்கள். உத்தியோகத்தர் வந்தார். சிடுமூஞ்சியாக, கோட்டுப் போட்ட ஆளாக வருவார் என்று நினைத்திருந்தோம். வந்தவர் இளைத்துக் களைத்த, நல்ல மாதிரியான மனுசன். யாழ்ப்பாணத்துக் கரவெட்டிப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

செல்லையா கல் காய முதலே மாவை ஊற்றினார். அது ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்ததில் கிழிந்தது. பிறகு கல்லைக் கண்டபாட்டுக்குக் காயவிட்டு அடுத்ததை ஊற்றினார், அது கருகியது. சம்பலில் உப்பை அள்ளிப் போட்டதை நானே கண்டேன். கருகல் மணம் கிணற்றடிக்கும் போயிருக்க வேண்டும். நாயர் ஓடிவந்து குசினி வாசலில் நின்றார். செல்லையாவைப் பார்த்தார். செல்லையா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் விறைத்துக்கொண்டது. நாயர் கதவு நிலையிலிருந்து கையை எடுத்து, திரும்பிப் போய்க் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

தட்டு மேசைக்கு வந்தது. எனக்கும் ஒன்று வைத்தார்கள். நான் அதைத் தொடாமலே தள்ளிவிட்டு, "இதை மனுசன் தின்பானோ!" என்றேன். சத்தம் தேவைக்கு மேல் கூடிவிட்டது.

உத்தியோகத்தர் ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நான் பொன்னம்பலத்தைப் பார்த்தேன். அவர் வெற்றி என்று புருவத்தைத் தூக்கினார். உத்தியோகத்தர் இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. தட்டை வழித்துத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உமக்கு வேண்டாமெண்டா அதை இஞ்சால தாரும்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? அதையும் தின்று முடித்துத் தண்ணீர் குடித்தார். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் நின்றார்.

"பத்து வருசமாக் கொழும்பில போடிங் வீட்டுச் சாப்பாடு தம்பி. பாணும் பருப்பும், பருப்பும் பாணும். கல்லிலயிருந்து நேர தட்டுக்கு வந்த தோசையைக் கண்டு எவ்வளவு காலம்! நல்லாயிருக்கு. மெய்யா நல்லாயிருக்கு. இவ்வளவு கைப்பக்குவம் உள்ள ஆளைக் கூட வைச்சுக்கொண்டு, ஆளில்லையெண்டு ஏன் முதலாளி சொல்லுறியள்?"

 பொன்னம்பலத்தின் மார்க்குகள், என் அபிப்பிராயங்கள், அந்த வீதியில் நாங்கள் தின்று தீர்த்த அத்தனை வருஷத் தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு செல்லாக் காசுக்கு உதவவில்லை. மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய ஒரே வாய்க்கு ருசி செத்துப் போயிருந்தது. அந்த மனுசன்மேல் கோபப்படவும் முடியவில்லை. போகும்போது செல்லையாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உமக்கு நல்ல காலம் வருகுது" என்று வாழ்த்திவிட்டுப் போனார். செல்லையா அழுததை அன்றுதான் கண்டேன். உத்தியோகத்தர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்.

நாயரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் ரயில் பிடித்து, கப்பலில் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். அங்கிருந்து எங்கே என்று அவருக்கே தெரியாது. ஒரு தகரப் பெட்டியும், கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிய ஒரு தோசைக்கரண்டியும்தான் சாமான். ரயில் வந்தது, பிந்தித்தான் வந்தது. நாயர் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டிச் செல்லையாவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"செல்லையா, கல்லு காஞ்ச பிறகு ஊத்தணும், கேட்டோ?"

"ஓம் அண்ணை" என்றார் செல்லையா.  ரயில் போன பிறகும் பொன்னம்பலம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூன்று பேரும் நடந்து வந்தோம்.  

செல்லையா கல்லடிக்கு வந்தார். முதல் நாள் தோசையை வாயில் வைத்த உடனேயே தெரிந்துவிட்டது. அதே ஓரம், அதே முறுகல், அதே தேங்காயெண்ணெய் மணம். உப்புக்கூட ஒரு சொட்டுத் தவறவில்லை. கை கழுவிவிட்டு வரும்போது அவர் தலையை நிமிர்த்தி, நாயர் கேட்கிற மாதிரியே, கூச்சத்தோடு கேட்டார்.

"இண்டைக்கு எத்தினை மார்க் மாஸ்டர்?"

 பொன்னம்பலம் என்னைப் பார்த்தார். என்ன சொல்வது? நல்லது என்று சொன்னால் உத்தியோகத்தர் சொன்னதுதான் சரி, நாயர் தேவையில்லை என்றாகிவிடும். குறைவு என்று சொன்னால் அது பச்சைப் பொய். அந்த மனுசனை நோகச் செய்வது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டோம். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பேசாமல் வைப்பார், பேசாமல் தின்போம். ஒரு சம்பலுக்காக வீதி அதிரச் சண்டை பிடித்த கடை அது. எனக்கு இடமாற்றம் வந்து யாழ்ப்பாணம் போகிற நாள் வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

தனுஷ்கோடியைப் பின்னொரு நாள் புயல் வந்து கடலுக்குள் கொண்டுபோய்விட்டது. பிறகு கப்பலும் நின்றது. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையே பிடுங்கினார்கள்; இப்போது புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நானாவின் கடையுமில்லை, பேக்கரியுமில்லை. கல்லூரி வீதி முடக்கில் போன் விற்கிற கடை இருக்கிறது. பொன்னம்பலம் கனடாவில் காலமானார். செல்லையாவின் குடும்பம் இடம்பெயர்ந்து முள்ளியவளைப் பக்கமே திரும்பிப் போனது என்று ஒருவர் சொன்னார். பிறகு அங்கேயும் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நாயரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பப்பா, நித்திரையே? எத்தினை போட?" என்று பேரன் திரும்பவும் கேட்டான்.

"உன்ர விருப்பம்" என்றேன். அவன் நாலைத் தட்டிவிட்டுப் பல் வைத்தியரிடம் என்னைக் கூட்டிப்போனான். வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். செல்லையா அன்று கேட்ட மார்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நூற்றுக்கு நூறு. கொடுக்க ஆளில்லை.