முப்பத்தொரு ஹார்ட் வாங்கிய வரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. "கும்மி பிராக்டீஸ் வீடியோ தாத்தா, பாத்துட்டு இருங்க" என்று செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள் என் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு. பெயர் தர்ஷினி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு வள்ளிக் கும்மி. மொத்தம் இருபத்துநான்கு பெண்கள், முதல் வரிசையில் ஆறு பேர். அந்த ஆறில் ஒருத்தி பூஜா, தர்ஷினியின் பக்கத்து சீட். அப்பா பீகாரிலிருந்து வந்து கோவை கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் வேலை செய்கிறார். வீடியோவை மூன்று முறை பார்த்தேன். ஓர் அடிகூடப் பிசகாதவள் அவள் ஒருத்திதான்.

நாலாவது முறை ஓடும்போது திரையில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. தெரியாமல் தொட்டுவிட்டேன். வகுப்புப் பிள்ளைகளின் குரூப். அத்தனையும் பூஜாவைப் பற்றி!

"நம்மூரு கும்மிக்கு வடக்கத்திக்காரி எதுக்குடி?"

"அவ பக்கத்துல நின்னா குட்கா நாத்தம்."

ஐம்பத்தெட்டு மெசேஜ். இங்கே எழுதக் கை கூசுபவை மட்டும் பதினேழு. பதினான்கு வயதுப் பிள்ளைகளா இவர்கள்? பூஜா பாதியிலேயே குரூப்பை விட்டு வெளியேறியிருந்தாள். அதற்குப் பிறகும் மெசேஜ் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் அதிக ஹார்ட் வாங்கியது எது? முப்பத்தொன்று வாங்கிய ஒரு வரி. "மூட்டை கட்டி ரயில் ஏத்தி உட்டாத்தான் ஊரு உருப்படும்."

எழுதியது... தர்ஷினி.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, பூஜா உன்ற ஃப்ரெண்டுதானே?"

"அதனாலதானுங்க தாத்தா! நான் சும்மா இருந்தா, அடுத்து என்னைய ஆரம்பிச்சிருவாங்க."

"அதுக்கு இப்படியா எழுதுவே?"

அவள் குரல் இறங்கியது. "இதுக்கு முன்னாடி எனக்கு மூணு ஹார்ட்டுக்கு மேல வந்ததே இல்லீங்க."

மனநல டாக்டர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான் - கூட்டத்தில் தன் இடம் போய்விடுமோ என்று பயந்தவள், மற்ற எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறாள். அதிலும் நெருங்கிய தோழி என்றால் இன்னும் உரக்க!

சரி... வார்த்தை எங்கிருந்து வந்தது?

"ரயில் ஏத்தி உடறதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானுங்க. காந்திபுரம் பஸ்ஸுல நாப்பத்திரண்டு பேருல பத்தொம்பது பேரு வடக்கனுகன்னு எண்ணிட்டு வந்து, சோறு திங்கறப்ப சொன்னீங்களே. எல்லாரும் சிரிச்சமே!"

சொன்னேன்தான். எண்ணியதும் நான்தான்.

மாலை இரண்டு பேரும் பூஜா வீட்டுக்குப் போனோம். "கும்மி மட்டுமில்லீங்க சார், இனி ஸ்கூலே வேண்டாங்கறா" என்றார் அவள் அப்பா. தர்ஷினி அழுதுகொண்டு நின்றாள்.

"தப்பு எம்மேலயும்தான் அம்மணி. அந்த வார்த்தை என்னோடது" என்றேன் பூஜாவிடம்.

பூஜா நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊருக்குங்க தாத்தா ரயில் ஏத்தி உடுவீங்க? நான் பொறந்ததே கோயமுத்தூருதானுங்க."

நான் பிறந்தது சத்தியமங்கலத்தில். அந்த அறையில் வெளியூர்க்காரர்கள் இரண்டே பேர் - அவள் அப்பாவும், நானும்.