கடலைச் சுருளில் வந்த கடிதம்

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியின் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர்களின் கோப்புகளும் லீவுக் கடிதங்களும் என் பொறுப்பு. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தவற்றை மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டி, 'அழிக்கப்பட்டது' என்று கையொப்பம் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்த விதியைப் படிப்பித்தவளும் நான்தான்.

போன வருடம் பாதி வேலையில் மெஷின் நின்றுபோனது. திருத்துபவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். கோப்புகளைச் சரிபார்க்க வரும் ஓடிட்டுக்கு இரண்டு நாள் இருந்தது, ஆறு பெட்டி மிச்சம். ஆர் குத்தினாலும் அரிசியானால் சரி என்று பழைய பேப்பர் வாங்குபவரைக் கூப்பிட்டு அவ்வளவையும் லொறியில் ஏற்றிவிட்டேன். அழித்தாகிவிட்டது என்று படிவத்தில் கையொப்பமும் வைத்தேன். விசரி, புத்தி கெட்டவள் நான். வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரங்களில் கடலை வாங்கித் தின்கிற எனக்கு, அந்தச் சுருளுக்குக் கடதாசி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா?

மூன்று மாதம் போயிருக்கும். ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி வந்து, எண்ணெய் ஊறிய கடதாசி ஒன்றை என் மேசையில் விரித்தாள். அவளுடைய எழுத்து. கல்யாணத்துக்கு முன் மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தபோது, லீவு கேட்டு எனக்கு எழுதிய கடிதம். புருஷனுக்கும் மாமிக்கும் அந்தக் கதை அதுவரை தெரியாது.

"பக்கத்து வீட்டு அன்ரி கடலை வாங்கினவ. உம்மட பேர் கிடக்குது பிள்ளை எண்டு கொண்டுவந்து தந்தவ."

"வாசிச்சவவோ?"

"வாசிக்காமலோ என்ர பேரைக் கண்டவ?"

"மெஷின் பழுதாப்போச்சு, தங்கச்சி..." என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கடதாசியின் கடைசி வரியில் விரலை வைத்தாள். 'அக்கா, உங்களை நம்பித்தான் சொல்கிறேன். எனக்கு டொக்டர் சொன்ன வருத்தம் என்னவென்றால்' என்பதோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது.

"ரெண்டாம் பக்கம் எங்க, அக்கா?"

எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. மேலிடத்தில் போய் என் பிழையைச் சொல்லவும் வழியில்லை, சொன்னால் அவளுடைய கதையையும் சொல்ல வேண்டும். பின்னேரங்களில் கடலையை வாங்கிக் கொட்டிவிட்டுச் சுருளைப் பிரித்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூட வினாத்தாள் வரும், யாரோ ஒருவரின் வேலை விண்ணப்பம் வரும். கொட்டாஞ்சேனையில் திரிகிற கடதாசியை வெள்ளவத்தையில் தேடி என்ன பிரயோசனம்? கிடைத்தாலும் எத்தனை பேர் வாசித்த பிறகு கிடைக்கும்?

போன கிழமை மூன்று நாள் லீவுக்குப் படிவம் கொண்டுவந்தாள். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன செய்யுது, தங்கச்சி?"

"ஒண்டுமில்லை, மிஸ்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவள். நான் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.