பிக்கப்

எங்கள் பக்கத்தில் வண்டியின் வேகத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். பிக்கப் பற்றித்தான் பேசுவார்கள். நின்ற இடத்திலிருந்து வண்டி எப்படிப் பாய்கிறது என்பதற்குப் பெயர் பிக்கப். பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தவிர வேறு வண்டியே வாங்காத என் கணவருக்கு அந்த விஷயத்தில் அப்படி ஒரு பைத்தியம்.

சேலையூர் வீட்டில், ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் செல்போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைப்பார். ஏதோ ஒரு வெளிநாட்டில், ஆளில்லாத விமான ஓடுபாதையில், கோடிக்கணக்கில் விலையுள்ள இரண்டு கார்கள் அக்கம்பக்கமாக நிற்கும். நேர்கோட்டில் பாய்ந்து எது முந்துகிறது என்பதுதான் போட்டி. வளைவு கிடையாது, மாடு கிடையாது, கேம்ப் ரோடு பஸ் கிடையாது.

"எது ஜெயிக்கும்? சீக்கிரம் சொல்லு."

நான் நிறத்தைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சிவப்பு. பெரும்பாலும் தோற்பேன். உடனே பாடம் ஆரம்பமாகிவிடும்.

"பெட்ரோல் வண்டி கத்தும், கியர் மாத்தும், அப்புறம்தான் புடிக்கும். எலெக்ட்ரிக் அப்படி இல்ல. மிதிச்ச உடனே மொத்த பலமும் சக்கரத்துக்கு வந்துடும்."

"கத்துறவங்க தோத்துடுவாங்கன்னு சொல்றீங்க. புரியுது," என்பேன். அவர் சிரிக்காமல் அடுத்த வீடியோவைப் போடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நேரிலேயே பார்க்கலாம் என்று, பணக்காரப் பையன்கள் கார்களை விரட்டும் ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போனார். கோவளத்தில் மீனைப் பார்த்ததும் நான் இறங்கிவிட்டேன். சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் இரண்டு கார்கள் ஒன்றாகப் பாய்ந்து போயின. நான் திரும்புவதற்குள் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

"எப்பவோ ஒரு தடவை கிடைக்கிற சான்ஸ். நீ மீன் செவுளைப் பாத்துட்டு நிக்கிற," என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார். குழம்பை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் அவருடைய கை பிரேக்கைப் பிடிக்க மறுத்தது. முதலில் கை, பிறகு கால். நரம்பு வியாதி, இனி திரும்பாது, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நான் அதைக் காதிலேயே வாங்காதவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன். போனில் விசாரித்த எல்லோருக்கும் ஒரே பதில்: "பரவாயில்ல, கொஞ்சம் கொஞ்சமா பிக்கப் ஆயிட்டு வர்றார்." உடம்பு தேறுவதற்கும் நாங்கள் அந்தச் சொல்லைத்தானே சொல்கிறோம். அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நம்பியவர்கள் ஆப்பிளோடு வருவார்கள், அவரைப் பார்த்ததும் முகம் செத்துவிடும், அதற்குப் பிறகு வர மாட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வரும்.

ஒரு மாலை வழக்கம்போல இரண்டு கார்களைப் போட்டு, அவர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் அவர் பேச்சு குழறும். எனக்கு மட்டும்தான் புரியும். கார்கள் கிளம்புவதற்கு முன்பே "நிறுத்து" என்றார்.

"இனிமே யார்கிட்டயும் நான் பிக்கப் ஆகுறேன்னு சொல்லாத."

"சொன்னா என்ன?"

"நம்பி வர்றாங்க. பாத்துட்டுப் பயந்து போறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு. ஏதோ நான்தான் முயற்சி பண்ணாத மாதிரி."

கையிலிருந்த போன் அடித்தது. அஸ்தினாபுரத்தில் இருக்கும் அவருடைய அக்கா. ஸ்பீக்கரில் போடு என்று இவர் கண்ணைக் காட்டினார்.

"எப்படிம்மா இருக்கான்? தேவலையா?"

"இல்லக்கா," என்றேன். "குறைஞ்சுட்டே போறாரு. இனிமே தேற மாட்டார்."

அவர் காதுபட அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அக்கா அழ ஆரம்பித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பல மாதமாக இறுகிக் கிடந்த முகம் இளகி, நிம்மதியாக இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும், நான் கைவிட்டதும் அவருக்கு வந்த அந்த நிம்மதியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.