இனிகோ நீட்டாத விரல்

இனிகோ மீது எனக்குப் பல வருஷமாக ஒரு கோபம் உண்டு. கூப்பிட்டால் மேலே வரமாட்டான். அவன் கடலுக்கடியில் சங்கு எடுப்பான். நான் வள்ளத்தில் நின்று அவனுக்குக் காற்றுப் போகிற ஓஸ் குழாயைப் பார்த்துக்கொள்வேன். நேரமானால் குழாயைச் சுண்டி இழுப்பேன், மேலே வா என்று அர்த்தம். மற்றவர்கள் வந்துவிடுவார்கள். இவன் மட்டும் இன்னொரு சங்கு, இன்னொரு சங்கு என்று கிடப்பான். தலை தெரிந்ததும் கண்டபடி ஏசுவேன்.

"ஏலே மரியான், எம் பொண்டாட்டிகூட இப்படி ஏசமாட்டாளே" என்று சிரிப்பான்.

பொண்டாட்டி ஜெஸ்மி என்றால் அவனுக்கு உயிர். தண்ணீர் அழுத்தி அவனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. அதனால் அவள் எப்போதும் வலது பக்கமாகத்தான் நடப்பாள். கூட்டத்தில் பக்கம் மாறிவிட்டால், அவள் சுற்றி வரும்வரை அப்படியே நிற்பான்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது எங்கள் திரேஸ்புரத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இனிகோவும் படுத்தான். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதே பெரும்பாடு. போனில் முகம் பார்த்துப் பேசுகிற டாக்டரம்மா ஒருவரை ஜெஸ்மி பிடித்தாள். நான் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"ஒரே மூச்சில ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

இனிகோ எண்ணினான். முப்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கீங்க. வீட்டுலயே இருக்கலாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் இருந்தே கத்தினேன். "சங்கு குளிக்கிறவம்மா அவன்! ஓஸ் குழாய் வர்றதுக்கு முன்னால மூச்சடக்கியே முங்குனவன்! இன்னமும் எண்ணுவான்!"

டாக்டரம்மா போனுக்குக் கிட்டே வந்தார்.

"மூச்சடக்கிப் பழகினவரா? அப்ப இந்த எண்ணிக்கைய நம்பக்கூடாது. மூச்சு கொறஞ்சாலும் அவருக்குத் தெரியாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் பாக்க விரல்ல மாட்டுற மெஷின் இருக்கா?"

தெருவுக்கு ஒன்று என்று சுகாதார நர்ஸ் கொடுத்துப் போயிருந்தாள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். இனிகோ கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"கடலுக்கடியில கெடந்தவனுக்கு இந்தக் கிளிப்பா மூச்சப் பத்திச் சொல்லப்போவுது?"

ஜெஸ்மி சண்டை போடவில்லை. அவனுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, "எனக்காவ" என்றாள். விரல் வந்தது. எண்பத்து நாலு.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றான். என் விரலில் மாட்டினோம். தொண்ணூற்றெட்டு. சிரித்துக்கொண்டிருந்தவனின் உதடு நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அலைந்து திரிந்து ஒரு கட்டில் பிடித்துச் சேர்த்தோம்.

மறுநாள் சாயங்காலம் வார்டு நர்ஸ் தன் போனில் என்னைக் கூப்பிட்டு அவனைக் காட்டினாள். குப்புறக் கிடந்தான், முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி.

"சாப்பிட்டியால?" என்றேன். வேறென்ன கேட்பது?

"நம்ம கூட முங்குற பயலுவ எப்படி இருக்கானுவ?" என்று கேட்டான்.

"எல்லாவனுக்கும் காய்ச்சல்தான். ஆனா நல்லா இருக்கோம்னுதான் சொல்லுதானுவ."

"அப்படித்தான் சொல்லுவானுவ." நிறுத்தி நிறுத்திப் பேசினான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. "அந்தக் கிளிப்ப எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயிரு மரியான். சிரிச்சான்னா நம்பாத. வெரல நீட்டமாட்டானுவ. நல்லா ஏசு. மாட்டிப் பாக்காம மட்டும் வந்திராத."